ஏற்றக் கூடாத ரத்தம்

முத்தமிழ்செல்வன் இறந்துவிட்டதாகத் தகவல் வந்த ஒன்பதாம் நாள் காலை, அவன் பூலாம்பாடியில் தன் கடை வாசலில் நின்று மக்காச்சோள மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தான்.

"செத்தவனுக்கு நல்ல உடம்பு மேடம்," என்றான் மரிய ஆல்பர்ட், காரை ஓரங்கட்டியபடி. "நான் உயிரோட இருந்தே இப்படி இல்லை."

அனுசுயா இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரித்தவள். ஆறு வருடமாகப் பெரம்பலூரில் சொந்தத் துப்பறியும் ஆபீஸ். ஆல்பர்ட் அந்த ஆபீசின் டிரைவர், குமாஸ்தா, உதவியாளர் எல்லாம். ஏலாக்குறிச்சிக்காரன். கோயில் மணி அடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாய் மூடாது.

"அதை இன்னொரு தடவை போடுங்க," என்றாள் அனுசுயா, பின்சீட்டைப் பார்த்து.

பின்சீட்டில் இருந்த வினோதினி போனை எடுத்தாள். அவள் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஸ்டெம் செல் கொடையாளர் தேடித் தரும் ஒரு பதிவகத்தின் ஊழியர். நேற்று மாலை சென்னையிலிருந்து வந்திருந்தாள். போனில் ஓர் ஆண் குரல் ஒலித்தது. அவசரமில்லாத குரல்.

"முத்தமிழ்செல்வன்னு ஒருத்தரத் தேடுறீங்கள்ல? அவரு செத்துட்டாரு. அந்த ரத்தத்த யாருக்கும் ஏத்திராதீங்க. ஏத்துனா, வாங்குனவங்களும் செத்துருவாங்க."

தூரத்தில் நீளமாக ஒரு சைரன். சற்று நேரம் யாரும் பேசாத மூச்சு. பிறகு 'தொம்' என்று மண்ணுக்குள்ளிருந்து வந்ததுபோல ஒரு சத்தம். அத்தோடு இணைப்பு அறுந்தது.

"மதியம் ஒண்ணு இருபத்தெட்டுக்கு எங்க ஹெல்ப்லைனுக்கு வந்த கால்," என்றாள் வினோதினி. "இன்னைக்கு வியாழன். சனிக்கிழமைக்குள்ள கொடையாளர் உண்டா இல்லையான்னு ஆஸ்பத்திரிக்கு நான் பதில் சொல்லணும். ரத்தம் தேவைப்படுற அந்தம்மாவுக்கு முப்பத்தோரு வயசு. நாலு வயசுல பிள்ளை இருக்காம். டாக்டர் வாய் தவறிச் சொன்னது. பேரு எனக்கே தெரியாது, தெரியக் கூடாதுங்கிறது விதி."

அவர்கள் இறங்கியதும் முத்தமிழ்செல்வன் வினோதினியை அடையாளம் கண்டுகொண்டு முகம் வெளுத்தான்.

"அன்னைக்கே வந்து ரத்தம் குடுத்துட்டனே மேடம்?"

"குடுத்தீங்க. ஏழு வருஷத்துக்கு முந்தி காலேஜ் கேம்ப்ல உங்க பேர்ல எடுத்த எச்சில் அந்தம்மாவோட நூத்துக்கு நூறு பொருந்துது. நீங்க இப்பக் குடுத்த ரத்தம் பாதிகூடப் பொருந்தலை."

"மெஷின் தப்பா இருக்கும்."

அனுசுயா கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. மணமக்களுக்குப் பக்கத்தில், மணப்பெண்ணின் சாயலிலேயே, பட்டு வேட்டியில் இளைத்த முத்தமிழ்செல்வன். கீழே மூலையில் ஸ்டூடியோக்காரர் தேதி போட்டிருந்தார்.

"கேம்ப் என்னைக்கு நடந்தது, வினோதினி?"

"பிப்ரவரி ஒன்பது."

"உங்க அக்கா கல்யாணமும் அன்னைக்குத்தான் போலிருக்கு தம்பி. மெஷின் சரியாத்தான் இருக்கு."

முத்தமிழ்செல்வன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "என்.எஸ்.எஸ். கேம்புக்கு வராதவனுக்கு அட்டென்டன்ஸ் கிடையாதுன்னாங்க. ஹாஸ்டல் குரூப்ல போட்டேன், எவனாச்சும் என் பேருல போயி வாயக் காட்டுங்கடான்னு."

"காட்டுனது யாரு?"

"ஏழு வருசமாச்சுங்க. குரூப்ல எட்டுப் பேரு. எனக்கு எவன் எப்ப ப்ராக்ஸி போட்டான்னு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"உன் டிகிரிய எட்டாக் கிழிச்சுப் பங்கு வைக்கணும் போலயே," என்றான் ஆல்பர்ட். "ரத்தம் கேட்டப்பவாவது உண்மையச் சொல்லலாம்ல?"

"ஒருவேளை என்னோடதும் சேர்ந்துட்டா, யாருக்கும் தெரியாமப் போயிரும்னு…"

"லாட்டரி டிக்கெட்டுன்னு நெனச்சியா?"

"இந்த விஷயத்தை குரூப்ல சொன்னீங்களா?" என்றாள் அனுசுயா.

"சொன்னேங்க. 'எவன் எச்சில்டா அது, ஒரு உசுரக் காப்பாத்தப் போவுதாம்'னு போட்டேன்."

"அதுக்கு மறுநாள்தான் நீங்க செத்துப்போயிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அவள் காருக்குத் திரும்பினாள்.

பெரம்பலூருக்குத் திரும்பிக் குன்னம் சாலையைப் பிடித்தார்கள்.

"எட்டுப் பேருக்கும் போன் போட்டுக் கேட்டுரலாமே மேடம்?"

"ஏழு பேரு நான் இல்லைம்பாங்க. எட்டாவது ஆளு சிம்மைக் கழட்டிடுவாரு. அவரு சும்மா ஒளியலை, ஆல்பர்ட். சாவைச் சொல்லி மிரட்டியிருக்காரு. அந்தப் பொண்ணு சாகணும்னு நினைக்கிற ஆளா, இல்லை வேற ஏதாவதான்னு தெரியாம அவரைத் தொடக் கூடாது."

ஆல்பர்ட் கண்ணாடியில் வினோதினியைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணு புரியலை. ரத்த குரூப் சேர்ந்தா போதாதா? ஊர்ல பாதிப் பேரு ஓ பாசிட்டிவ்."

"ரத்த குரூப் வேற, இது வேற. உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள நடக்கிறதுல ஒரு துண்டை எடுத்து வெளியே காட்டிக்கிட்டே இருக்கும். காவல் செல்கள் அதைப் பார்த்துட்டுப் போகும். உள்ள வைரஸ் புகுந்திருந்தா, புத்து வச்சிருந்தா, காட்டுற துண்டு மாறும். காவல் அடிக்கும். அந்தத் துண்டைப் பிடிச்சுக் காட்டுற கை இருக்கு பாருங்க, அதுதான் எச்.எல்.ஏ. அது ஆளுக்கு ஆள் வேற. அப்பாகிட்டருந்து ஒரு செட், அம்மாகிட்டருந்து ஒரு செட்."

"கையில என்ன வித்தியாசம்?"

"ஒருத்தர் கைக்குப் பிடிபடுற வைரஸ் துண்டு இன்னொருத்தர் கைக்கு வழுக்கிடும். ஒரே வைரஸ் ஒருத்தரை நாலு நாள்ல விட்டுட்டு இன்னொருத்தரை நாசம் பண்றதுக்கு அதுவும் ஒரு காரணம். ஏத்துற ரத்தத்தோட கையும் நோயாளி கையும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா புதுசா வந்த காவலுக்கு அந்த உடம்பே அந்நியம். மொத்தமா அடிச்சுடும். ஒண்ணா இருந்தா, மிச்சம் மீதி புத்து செல்லைத் தேடி அடிக்கும்."

"சொந்தத்துல இல்லாத ஆளுக்கு எப்படி ஒண்ணா இருக்கும்?"

"ஒரே வட்டாரத்துல தலைமுறை தலைமுறையா பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருப்பாங்க. நடுவுல சிலர் மதம் மாறியிருப்பாங்க, ஊர் மாறியிருப்பாங்க. கை மாறாது."

"எங்க தாத்தாவுக்கு ஞானஸ்நானம் குடுத்த சாமியாருக்கு இது தெரியாமப் போச்சே."

அனுசுயா கையை உயர்த்தினாள். "சைரன் என்ன சைரன், ஆல்பர்ட்?"

"மில்லு சங்கு?"

"மில்லு சங்குக்கு அப்புறம் நிலம் அதிராது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வெடி வைக்கிறதுக்கு முந்தி ஊதுற சைரன் அது. அரியலூர்ப் பக்கம்தான். கால் வந்த நம்பரை ட்ரூகாலர்ல போட்டா என்ன வருது?"

வினோதினி படித்தாள். "'நல்லுசாமி டீக்கடை.' நான் கூப்பிட்டேன். ராங் நம்பர்னு வச்சுட்டாரு."

வண்டி கிழக்கே போகப் போக சாலையோர வேப்பமரங்கள் நிறம் இழந்தன. இலைகளில் மாவு பூசியது போலச் சாம்பல் படிந்திருந்தது. எதிரே லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. வெயில் இருந்தும் வெளிச்சம் மங்கலாக இருந்தது.

மூன்று கிராமத்தில் விசாரித்து, ஆலத்தியூருக்குச் சற்று முன்னால், லாரிகள் நிற்கும் திருப்பத்தில் நல்லுசாமியைக் கண்டுபிடித்தார்கள். நாமக்கல் பக்கத்துக்காரர். கடை போட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது.

"ஆமாங்க, ஒரு ஆளு போன் கேட்டாரு. சார்ஜ் இல்லைன்னாரு. ஓரமாப் போயி ரெண்டு வார்த்தை பேசிட்டுக் குடுத்தாரு."

"அடிக்கடி வர்றவரா?"

"தினம் வருவாரு. பேரு தெரியாது. ஆனா ஒண்ணு, என் கிளாசுல குடிக்க மாட்டாரு. சாப்பாட்டுப் பையிலருந்து சொந்தமா எவர்சில்வர் டம்ளர் எடுத்து நீட்டுவாரு. குடிச்சதும் தள்ளிப் போயிக் கழுவி உள்ள வச்சுக்குவாரு. நான்கூட மொத நாளு கோவிச்சுக்கிட்டேன், என் கிளாசுக்கு என்னப்பா கொறைன்னு. 'கொறை கிளாசுல இல்லண்ணே'ன்னாரு."

அனுசுயா மெல்லக் கேட்டாள். "டம்ளர்ல பேர் வெட்டியிருந்ததா?"

"இருந்துச்சுங்க. டீ ஊத்துறப்பக் கண்ணுல படும்ல. வைத்திலிங்கம்."

அந்தச் சமயத்தில் சைரன் ஊதியது. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். சில விநாடிகள் கழித்துப் பூமி ஒருமுறை அதிர்ந்தது. கண்ணாடி கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசின. பதிவில் கேட்ட அதே சத்தம்.

ஆல்பர்ட் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் போனான். "வைத்திலிங்கம் வூடு எங்கங்க இருக்கு?"

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த வைத்திலிங்கம்? ஆலத்தியூரானா? அவன் செத்து வருசம் ஒண்ணு ஆவுது தம்பி. ஈரல்ல புத்து. முப்பத்திரண்டு வயசு."

ஆல்பர்ட் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் கிண்டல் இல்லை. "மேடம், உயிரோட இருக்கிறவன் செத்துட்டான்னு, செத்தவன் போன் பண்ணியிருக்கான்."

"முத்தமிழ்செல்வன் குடுத்த எட்டுப் பேர்ல வைத்திலிங்கம் இல்லை," என்றாள் வினோதினி.

"இருக்க மாட்டான். வயசு ஒத்துவரலை." அனுசுயா பெஞ்சில் உட்கார்ந்தாள். "முத்தமிழ்செல்வன் பேர்ல வந்த கேம்ப் ஃபாரத்தைத் திறங்க."

வினோதினி லேப்டாப்பைத் திறந்தாள். ஸ்கேன் செய்த ஒற்றைப் பக்கம். பெயர், வயது, எடை. கீழே பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டம்.

"மத்த பசங்களோட ஃபாரம் பத்தைக் காட்டுங்க."

பத்தையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் 'இல்லை' வரிசையில் மேலிருந்து கீழாக ஒரே வேகத்தில் இழுத்த டிக்குகள்.

"எவனும் கேள்வியைப் படிக்கலை. இப்ப இதைப் பாருங்க. ஏழாவது கேள்வி, 'மஞ்சள் காமாலை வந்ததுண்டா?' முதல்ல 'ஆம்'ல டிக் போட்டு, அதை அடிச்சுட்டு 'இல்லை'ல போட்டிருக்கான். இந்தக் கட்டுல இவன் ஒருத்தன்தான் படிச்சிருக்கான். கை தன்னோட உண்மையை எழுதிடுச்சு. அப்புறம்தான் எழுதுறது வேற ஒருத்தன் பேர்லன்னு ஞாபகம் வந்திருக்கு. காமாலை வந்ததுன்னு எழுதினவங்களை அன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"எச்சில் எடுக்காமத் திருப்பி அனுப்பிட்டோம். அந்த ஃபாரங்க தனிக் கட்டா இருக்கு." வினோதினியின் விரல் வேகமாக நகர்ந்தது. ஐந்தாவது ஃபாரத்தில் நின்றது. அதே பச்சை மை. அதே சாய்ந்த எழுத்து. "பிரேம். எட்டுப் பேர்ல ஒருத்தர். ஊர்… ஆலத்தியூர்."

"சொந்தப் பேர்ல உண்மையச் சொல்லி வெளிய போயிருக்கான்," என்றான் ஆல்பர்ட். "சிநேகிதனுக்காகத் திரும்பி வரிசையில நின்னு, பொய் சொல்லி உள்ள வந்திருக்கான். நம்ம பயலுகளுக்கு மட்டும்தான் இது வரும்."

பிரேமின் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. அதற்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குழி. கதவைத் திறந்தவள் பிரேமின் அண்ணி, செத்த வைத்திலிங்கத்தின் மனைவி ஜானகி. யார், என்ன என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டாள். சமையல்கட்டில் ஒரு தூக்குச் சொம்பு மட்டும் தனியே ஓர் ஆணியில் தொங்கியது.

"கொழுந்தனாரு எடைமேடையில வேலை பாக்குறாரு. இப்பத்தான் சாப்பிட்டுட்டுத் தட்டக் கழுவப் பின்னால போனாரு. வூட்டுக் கொழாயில கழுவ மாட்டாரு. எம் புள்ளயத் தூக்கி ஒரு வருசம் ஆச்சு."

குழி விளிம்பில் அவன் நின்றிருந்தான். கீழே நாற்பதடி ஆழத்தில் பாசி நிறத்தில் அசையாத தண்ணீர். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"கிட்ட வராதீங்க!"

ஆல்பர்ட்டின் கால்கள் நின்றுவிட்டன. அனுசுயா நிற்கவில்லை. மெதுவாக நடந்து, விளிம்புக்கு மூன்றடி முன்னால் போய் நின்றாள்.

"குதிக்கப் போறேன்னு இவன் பயப்படுறான் பிரேம். நீங்க எங்களுக்காகத்தான் சொல்றீங்க, இல்லையா? கிட்ட வந்தா எங்களுக்கு ஒட்டிக்கும்னு."

பிரேம் கையிலிருந்த தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"போன்ல மிரட்டலை நீங்க. எச்சரிச்சீங்க."

அவன் கீழே உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பேச வைக்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது அவனுக்குப் பதினோரு வயது, அண்ணனுக்குப் பதினேழு. குலதெய்வம் கோயிலில் இரண்டு பேருக்கும் ஒரே பிளேடில் மொட்டை போட்டார்கள். அதனால்தானா என்று நிச்சயமில்லை. ஆனால் மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கும் கண் மஞ்சளானது. வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் கண் வெளுத்தது. அத்தோடு மறந்தார்கள். போன வருடம் அண்ணன் வயிறு வீங்கிப் படுத்தபோதுதான் டாக்டர் சொன்னார், அன்றைக்கு வந்த வைரஸ் போகவே இல்லை, பதினைந்து வருடம் ஈரலில் உட்கார்ந்து புற்றாக்கிவிட்டது என்று.

"அண்ணிக்கும் புள்ளைக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. இல்லைன்னு வந்துச்சு. தடுப்பூசி போட்டுக்கிட்டாங்க. நான் போவல. என்ன வரும்னு எனக்குத் தெரியும்ல. செல்வன் குரூப்ல அதப் போட்டப்ப ஒடம்பே ஆடிப்போச்சு. யாரோ ஒரு அம்மா, பொழைக்கிறதுக்குன்னு என் ரத்தத்த ஏத்திக்கிட்டு… அதான் செத்துட்டான்னு சொன்னேன். செத்தவன் ரத்தத்த எவன் தேடுவான்?"

"டம்ளர்ல பரவாதுங்க அது," என்றாள் வினோதினி. "தட்டுலயும் பரவாது. புள்ளையத் தூக்கினாலும் பரவாது. உங்களுக்கு இருக்கா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. அரியலூர் வரைக்கும் வர்றீங்களா?"

"இருந்தா?"

"மருந்து இருக்கு. அண்ணன் மாதிரி ஆக வேண்டியதில்லை."

அவன் எழுந்திருக்கவில்லை. அனுசுயா சொன்னாள், "நீங்க வரலைன்னா சனிக்கிழமை சாயங்காலம் இவங்க ஆஸ்பத்திரிக்கு 'ஆள் இல்லை'ன்னு எழுதணும். நாலு வயசுப் பிள்ளை இருக்கிற ஒரு பொண்ணுக்கு அது போகும். உங்களுக்குப் பயமா இருக்குங்கிறதைத் தவிர அதுக்கு வேற காரணம் இருக்கான்னு பார்த்துட்டு வந்துடலாம்."

அரியலூரில் அந்த லேப் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. ரத்தம் எடுத்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊசி எடுத்த பெண்ணிடம் மூன்று முறை சொன்னான்: "பாத்துங்க, குத்திக்காதீங்க."

சாயங்காலம் ஐந்தரைக்குத் தாள் வந்தது. வினோதினி இரண்டு முறை படித்தாள். பிறகு மாடிப்படிக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். பத்து நிமிடம் பேசினாள்.

திரும்பி வந்து பிரேமின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வைரஸ் இல்லை. உங்க உடம்பு அதை விரட்டினதுக்கான தடயம் மட்டும்தான் இருக்கு. இன்னும் நுணுக்கமா ஒரு டெஸ்ட் எடுக்கணும், மூணு நாள் ஆகும். அதுவும் சரியா வந்தா உங்க ரத்தம் அந்தம்மாவுக்கு ஆகும்னு டாக்டர் சொல்றாரு. காத்திருக்கோம்னு சொல்லிட்டாங்க."

பிரேம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படிங்க? ஒரே பிளேடு. ஒரே கீழாநெல்லி."

"ஆனா ஒரே கை இல்லை. அண்ணன் தம்பியா இருந்தாலும் நாலுல ஒருத்தருக்குத்தான் முழுசா ஒண்ணா அமையும். உங்க கைக்கு அந்த வைரஸ் பிடிபட்டிருக்கும். அவரு கைக்கு வழுக்கியிருக்கும். அது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுவும் ஒண்ணு."

அவன் தலை மெல்ல மேலும் கீழும் ஆடியது. பிறகு ஆடாமல் நின்றது. ஏதோ ஒன்று அவனுக்குள் வந்து சேர்வதை அனுசுயா பார்த்தாள். பல வருடமாகச் சாவு வீடுகளில் பார்த்த முகம் அது.

"நாலு வருசத்துக்கு முந்தி எங்கூர்ல ஈரல் கேம்ப் போட்டாங்க," என்றான். "அண்ணன் போறேன்னுச்சு. நான்தான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் பண்ணலியே, நல்லாத்தான இருக்கேன், ஒனக்கு மட்டும் என்ன வந்துரப் போவுது, வூட்டுக்கு வாண்ணேன்னு."

கீழே செல்போன் கடையில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

வினோதினி பையிலிருந்து புது ஃபாரத்தை எடுத்து வைத்தாள். பிரேம் பெயர் எழுதினான். இந்த முறை சொந்தப் பெயர். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தான். ஏழாவதில் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு, அடிக்காமல், கையெழுத்திட்டுத் தள்ளிவைத்தான்.

எல்லாரும் படி இறங்கியபோது ஆல்பர்ட், பிரேம் தண்ணீர் குடித்துவிட்டுப் பெஞ்சில் வைத்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு ஓடினான். "உங்க டம்ளரை விட்டுட்டீங்க பிரேம்."

பிரேம் வாங்கிக்கொண்டான். வெட்டியிருந்த பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். "இது என்னோடது இல்லங்க," என்றான். "கழுவுனாலும் நோய் போவாதுன்னு சொல்லி, அண்ணன் செத்தப்ப குழியில எறியச் சொன்னாங்க. அந்த வைரசுதான் எனக்கும் இருக்கேன்னு, நான் வச்சுக்கிட்டேன்."

சாலைக்கு எதிரே டீக்கடை இருந்தது. அவன் நேராக அங்கே போய் டம்ளரை நீட்டாமல் நின்றான். எல்லாரும் குடிக்கும் ஒரு கண்ணாடி கிளாஸில் கடைக்காரர் டீயை ஊற்றி அவன் முன்னால் வைத்தார்.

ஆறி ஆடை படியும்வரை அவன் அதைத் தொடவில்லை.